முறுக்கைக் காப்பது எது?

1953 ஏப்ரலில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டபோது எல்லோரும் உடனே கைதட்டிவிடவில்லை. உயிரியலர் மாக்ஸ் டெல்ப்ரூக்குக்கு அதில் ஒரு நெருடல் இருந்தது. இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிக் கிடக்கின்றன என்றால், செல் இரண்டாகும்போது அவற்றைப் பிரித்தாக வேண்டும். பிரிப்பதற்கு ஒவ்வொரு சுற்றையும் அவிழ்த்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கலின் அளவு தெரியும். ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ. சுமார் 46 இலட்சம் கார இணைகள் கொண்ட ஒரே வளையம். ஏறத்தாழ 10.5 இணைக்கு ஒரு சுற்று. ஆக, 4 இலட்சத்து 40 ஆயிரத்தை ஒட்டிய சுற்றுகள். நகலெடுக்கும் இயந்திரம் விநாடிக்கு ஆயிரம் எழுத்து வேகத்தில் ஓடக்கூடியது. அதற்கு முன்னால் விநாடிக்கு நூறு சுற்று அவிழ்ந்துகொண்டே போக வேண்டும். முனையே இல்லாத வளையத்தில் அவிழ்வதற்கு இடம் எங்கே? இழையை அறுத்து, அவிழ்த்து, மறுபடி ஒட்டினால் ஆகலாம் என்று 1954-ல் டெல்ப்ரூக் ஒரு வழி சொன்னார். உயிரின் மூலப் படியையே அறுத்து ஒட்டுவதா என்று அன்று அது ஒட்டுப்போட்ட யோசனை போலத்தான் தோன்றியது. செல் செய்வது அதைத்தான் என்று தெரியவரப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

முறுக்கிய அமைப்புகளைப் பற்றி இன்று நிறைய எழுதுகிறார்கள். கயிறு, கொடி, சங்கு, டி.என்.ஏ., சூரியனின் காந்தப்புலம், ஒன்றன்மேல் ஒன்று சற்றுத் திருப்பி வைத்த கிராஃபீன் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இயற்கை எங்கும் சுருளையே விரும்புகிறது என்று வியப்பது வழக்கம். வியப்பில் தவறில்லை, ஆனால் அது விளக்கம் ஆகாது. வடிவம் ஒத்திருப்பதை வைத்து உறவு சொல்வது, மூக்கு ஒத்திருக்கிறது என்று பங்காளி ஆக்குவது போன்றது. ஒரு முறுக்கைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது ஏன் அவிழவில்லை? எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது? அந்தப் பிடிப்பு என்ன வகை என்பதைப் பொறுத்தே அந்த அமைப்பு என்ன செய்யும், எப்போது கெடும், அதை நாம் எப்படிப் பயன்படுத்தலாம் என்பவை தீர்மானமாகின்றன என்பது என் வாதம். கணிதம், இயற்பியல், பொருளறிவியல், உயிரியல் என்ற துறைப் பிரிவுகளை விட இந்தப் பிரிவு அதிகம் சொல்கிறது.

கணிதத்திலிருந்து தொடங்கலாம். மூடிய இரண்டு வளைவுகள் ஒன்றை ஒன்று எத்தனை முறை கோத்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு 1833-லேயே காஸ் ஒரு வாய்பாடு எழுதினார். அதைப் பிணைவு எண் எனலாம். அது எப்போதும் முழு எண். வளைவுகளை இழுத்தாலும் நெளித்தாலும் மாறாது, அறுத்தால் மட்டுமே மாறும். ருமேனியக் கணிதர் கலுகரேனு 1959-லும் 1961-லும், பிறகு அமெரிக்கரான ஜேம்ஸ் வைட் 1969-லும் இந்த எண்ணை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்: ஒன்று, இழை தன் அச்சைச் சுற்றி முறுகும் அளவு, மற்றது, அந்த அச்சே வெளியில் சுருண்டு நெளியும் அளவு. தனித்தனியே இவை முழு எண்களாக இருக்க வேண்டியதில்லை. இரண்டின் கூட்டுத்தொகை மட்டும் பிணைவு எண்ணுக்குச் சமமாக நிற்கும். ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் ஏற வேண்டும். முறுக்கேறிய ரப்பர் கயிறு தளர விட்டதும் சட்டென்று முடிச்சு முடிச்சாகத் திரள்வதற்குக் காரணம் இதுதான்: முனைகளை விரல்கள் பிடித்திருக்கும் வரை முறுக்கு எங்கும் போக முடியாது; ஆகவே அது நெளிவாக மாறிக்கொள்கிறது. 1971-ல் பிராக் புல்லர் இதை டி.என்.ஏ.வுக்குப் பொருத்தினார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இது வெறும் கணக்கெழுதும் முறை. வரவும் செலவும் சமம் என்று சொல்வதால் எந்த விசையும் விளங்கிவிடாது என்பார்கள். பாதி உண்மை. கணக்கு விசையைச் சொல்லாது. ஆனால் எதெது நடக்கவே முடியாது என்று சொல்லும். பலமுறை அதுவே பெரிய செய்தி. ஈ.கோலையிலிருந்து ஜேம்ஸ் வாங் 1971-ல் அறிவித்த நொதி ஒற்றை இழையை அறுத்து ஒட்டுவது. அது பிணைவு எண்ணை ஒன்று ஒன்றாக மாற்றும். 1976-ல் மார்ட்டின் கெல்லர்ட் குழு கண்ட கைரேஸ் என்ற நொதி இரண்டு இழைகளையும் சேர்த்து அறுத்து, அந்த இடைவெளி வழியே டி.என்.ஏ.வின் இன்னொரு பகுதியை நுழைத்து, பிறகு ஒட்டுகிறது. அப்படியானால் எண் இரண்டிரண்டாகத்தான் மாற வேண்டும் என்று கணிதம் சொன்னது. 1979-ல் பிரவுனும் கோசரெல்லியும் அளந்தபோது இரண்டிரண்டாகவே மாறியது. ஒரு மூலக்கூறு எப்படி வேலை செய்கிறது என்பதை, அதன் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, ஒற்றைப்படை இரட்டைப்படைக் கணக்கு காட்டிக்கொடுத்தது. கணக்கெழுதும் முறைக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

மருந்துக்கடைக்கு வந்தால் இதன் கனம் புரியும். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை செய்வது, கைரேஸ் டி.என்.ஏ.வை அறுத்த நிலையிலேயே, ஒட்ட விடாமல், பிடித்து நிறுத்துவது. பாக்டீரியாவைக் கொல்வது வெளியிலிருந்து வரும் நஞ்சு என்பதை விட அதன் சொந்தக் கத்தரிதான் எனலாம். மனிதப் புற்றுநோய்க்கும் இதே வழி. சீனத்து மரம் ஒன்றிலிருந்து வால், வானி என்ற வேதியியலர்கள் 1966-ல் பிரித்தெடுத்த கேம்ப்டோதெசின், ஒற்றை இழை அறுக்கும் நொதியை அறுத்த இடத்திலேயே பூட்டிவிடுகிறது. அதன் வழித்தோன்றல்களான இரினோடெகான், டோப்போடெகான் இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகள். இதே பொருள் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்தில் தாராளமாக இருப்பதை 1972-ல் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் காட்டினார்கள். மாப்பியா ஃபோட்டிடா என்று அப்போது வழங்கிய அந்த மரத்துக்கு நோதாபோடைடிஸ் என்று இப்போது பெயர். மருந்துக்காக வெட்டி வெட்டியே அது அருகிப்போயிற்று. மலையில் ஒரு மரம் குறைவதற்கும் காஸ் எழுதிய வாய்பாட்டுக்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு.

டி.என்.ஏ. வளையத்தில் முறுக்கைக் காப்பது முனையின்மை. முனை இருந்தும் அது சுழல முடியாமல் கட்டப்பட்டிருந்தால் அதே விதிதான். பாகற்கொடி, வெள்ளரிக்கொடியின் பற்றுக்கம்பியை ஒருமுறை அருகில் வைத்துப் பாருங்கள். அது பந்தற்கோலைப் பற்றும் வரை நேராக நீள்கிறது. பற்றியபின் சுருளத் தொடங்குகிறது. ஒரு பாதி வலமாகவும் மறுபாதி இடமாகவும் சுருண்டு, நடுவில் திசை மாறும் ஒரு நேர்த்துண்டு இருக்கும். வலச்சுற்றுகளும் இடச்சுற்றுகளும் எண்ணிக்கையில் ஏறத்தாழ சமம். ஏறுகொடிகளைப் பற்றி 1865-ல் எழுதிய டார்வின் இதைக் கவனித்து, இரு முனையும் கட்டுண்ட நிலையில் ஒரே திசையில் சுருண்டால் கம்பி முறுகி அறுந்துபோகும் என்று சரியாகவே காரணம் சொன்னார். முறுக்கின் நிகரத் தொகை சுழியமாகவே இருக்க வேண்டும் என்பது கட்டாயம். செடி அதை இரண்டு எதிர்க்கடன்களாகப் பங்கிட்டுத் தீர்க்கிறது. சுருளவைக்கும் விசை எங்கிருந்து வருகிறது என்பதை 2012-ல் ஹார்வர்டில் ஜெர்போடும் மகாதேவனும் கூட்டாளிகளும் காட்டினார்கள். கம்பிக்குள் இரண்டு செல் அடுக்குத் தடிமனில் ஒரு நார்நாடா. அதன் ஒரு பக்கம் மற்றதைவிட அதிகம் சுருங்குகிறது. முற்றிய கம்பியை இழுத்தால் சுருள் அவிழ்வதற்குப் பதிலாக முதலில் இன்னும் சில சுற்றுகளைக் கூட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் கண்ட விந்தை.

மீன்பிடி நைலான் நரம்பை வைத்து 2014-ல் டெக்சாஸில் ரே பாக்மன் குழு செய்த செயற்கைத் தசைகளும் இந்த வகைதான். நரம்பை முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது தானே சுருளாகிவிடும். அந்தச் சுருளைச் சூடாக்கினால் நைலான் தடித்து, உள்முறுக்கு அவிழப் பார்க்கும். முனைகள் சுழலாதபடி கட்டியிருந்தால் அவிழ்ந்த முறுக்கு சுருளை இறுக்கி நீளத்தைக் குறைக்கும். அதே நீளமும் எடையும் உள்ள மனிதத் தசை தூக்குவதைப்போல் நூறு மடங்கு சுமையை அது தூக்குகிறது. முனையைச் சுழல விட்டால் நீளத்தில் வரும் அந்த இழுப்பு போய்விடும். பொருள் அதே நைலான், முறுக்கும் அதே முறுக்கு. வேலை செய்வது முனையிலுள்ள கட்டு.

கயிற்றுக்கு வருவோம். இங்கே பிடிப்பு வேறு. தேங்காய் நார் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்தை ஒட்டியது. கயிறோ எத்தனை பாகமும் நீளும். குட்டை நார்கள் எப்படி நெடுங்கயிற்றின் சுமையைத் தாங்குகின்றன என்று கலிலியோ 1638-ல் வெளியான தம் கடைசி நூலில் கேட்டிருக்கிறார். விடை உராய்வு. முறுக்கிய கயிற்றை இழுக்க இழுக்க நார்கள் உள்நோக்கி நெருக்கப்படுகின்றன. நெருக்கம் கூடக் கூட வழுக்குவது கடினமாகிறது. அதாவது சுமையே பிடியை இறுக்குகிறது. சுற்றின் கோணத்தைப் பொறுத்து இந்த உராய்வு கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. துறைமுகத் தறியில் மூன்று சுற்று சுற்றி, உராய்வுக் கெழுவை 0.3 என்று கொண்டால், ஒரு முனையில் ஒரு கிலோ விசை மறுமுனையில் 280 கிலோவுக்கு மேல் தாங்கும். ஆனால் நாரின் உராய்வு மட்டும் போதாது. ஒரே பக்கம் முறுக்கிய புரி கைவிட்டதும் அவிழும். அதனால்தான் நாரை ஒரு பக்கம் திரித்துப் புரியாக்கி, புரிகளை எதிர்ப்பக்கம் திரித்துக் கயிறாக்குகிறார்கள். புரி அவிழப் பார்த்தால் கயிறு இறுகும். கயிறு அவிழப் பார்த்தால் புரி இறுகும். ஒன்றின் கட்சி மற்றதற்கு எதிர்க்கட்சி. பிரான்சில் அப்ரி டு மாராஸ் என்ற பாறைக் குடையில் ஒரு கற்கருவியில் ஒட்டிக் கிடைத்த 6 மில்லிமீட்டர்த் துண்டு நாரில், மூன்று புரிகள் ஒரு திசையிலும் அவற்றின் பின்னல் எதிர்த்திசையிலும் இருந்தன. காலம் 40 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல், திரித்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள். எதிர்முறுக்கின் தந்திரம் அவ்வளவு பழையது.

இந்தத் தந்திரம் நம் உடம்பிலும் இருக்கிறது. தோல், எலும்பு, தசைநாண் எங்கும் நிறைந்த கொலாஜன் புரதத்தின் அமைப்பை 1954-55-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டார்கள். சென்னைக்கு வந்திருந்த படிகவியலர் ஜே. டி. பெர்னால், இது இன்னும் தீராத சிக்கல் என்று சொன்னதே தொடக்கம். மூன்று சங்கிலிகள், ஒவ்வொன்றும் இடச்சுழி, மூன்றும் சேர்ந்து வலச்சுழியாகப் பின்னியிருக்கும். அச்சை ஒட்டிய இடம் மிகக் குறுகல் என்பதால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே அமர முடியும். ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை குறித்துக் கிரிக்கும் ரிச்சும் திருத்தம் சொன்னார்கள். முப்புரி என்ற அடிப்படை நின்றது. ஒரே ஒரு கிளைசின் இடம் மாறிப் பெரிய அமிலம் ஒன்று அங்கே நுழைந்தால்கூட எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய் வரலாம்.

ஆனால் கொலாஜனையும் டி.என்.ஏ. வளையத்தையும் ஒரே கொதிகலத்தில் போட்டால் வேற்றுமை வெளிப்பட்டுவிடும். கொலாஜனின் முனைகள் கட்டில்லாதவை. முறுக்கைப் பிடித்திருப்பது அணுக்களுக்கு இடையிலான மெல்லிய பிணைப்புகள். சூடேறினால் அவை விட்டுவிடும், மூன்று சங்கிலியும் பிரிந்து ஜெலட்டின் ஆகிவிடும்; ஆறவைத்தாலும் பழைய ஒழுங்கு முழுதாக மீள்வதில்லை. டி.என்.ஏ. வளையத்தில் சூட்டினால் இணைப்புகள் எல்லாம் விட்டுப்போன பிறகும் இரு இழைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலக முடியாமல் கோத்துக்கொண்டே கிடக்கும்.  இரண்டையும் சுருள் என்ற ஒரே பெயரால் அழைத்தால் இந்த வேற்றுமை கண்ணில் படாது.

இனி இந்த வாதத்துக்கு எதிரான கனமான கருத்து. முறுக்கு எல்லாம் கடைசியில் மூலக்கூறுகளின் கைத்தன்மையிலிருந்தே, அதாவது வலக்கை இடக்கை போன்ற வேறுபாட்டிலிருந்தே, வருகிறது என்பார்கள் பலர். 1848-ல் பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை வலம், இடம் என்று கையால் பிரித்தார்; உயிரினங்களின் புரதங்களில் இடக்கை அமினோ அமிலங்களே உண்டு என்பது இன்று தெரிந்த செய்தி. அடியில் உள்ள கைத்தன்மை படிப்படியாக மேலேறிச் சுருளாகிறது. ஆகவே எது பிடித்திருக்கிறது என்று தேட வேண்டியதில்லை என்பது இந்தக் கட்சி. நத்தைகள் இதற்கு வலுவான சாட்சி. குளத்து நத்தை ஒன்றில் ஒரே ஒரு மரபணுவைச் செயலிழக்க வைத்ததும் குஞ்சுகளின் ஓடு எதிர்ப்பக்கம் சுழன்றதை ஜப்பானில் அபேயும் குரோடாவும் 2019-ல் காட்டினார்கள். மன்னார் வளைகுடாவில் அரிதாகக் கிடைத்து வலம்புரி எனப் போற்றப்படும் சங்கிலும் இப்படி ஒரு மரபணு மாற்றம் இருக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது. (விலங்கியலார் அந்தச் சங்கை இடச்சுழி என்றே பதிகிறார்கள், பிடித்துப் பார்க்கும் முறை வேறு, அவ்வளவுதான்.) ஆனால் அதே குரோடா குழு 2009-ல் வேறொன்றும் காட்டியது: எட்டுச் செல் கட்டத்தில் செல்களை மெல்லிய கண்ணாடிக் கோலால் எதிர்ப்பக்கம் தள்ளி வைத்தாலே போதும், மரபணு மாறாமலே ஓடு திசை மாறிவிடும்.

மூலக்கூறு திசையைச் சொல்கிறது. அளவையும் நிலைப்பையும் வேறு ஏதோ சொல்கிறது என்பதே என் பதில். மந்தாரையின் முற்றிய காய் வெயிலில் வெடிக்கும்போது இரண்டு தோடுகளும் திருகிக்கொள்ளும், ஒன்று வலமாக, மற்றது இடமாக. செடி ஒன்று, மரபணுவும் ஒன்று. தோட்டின் இரண்டு நார் அடுக்குகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, காயின் நீளத்துக்கு 45 பாகை சாய்ந்து, உலரும்போது வெவ்வேறு திசையில் சுருங்குவதே காரணம் என்று 2011-ல் இஸ்ரேலில் ஆர்மனும் ஷரோனும் கூட்டாளிகளும் கண்டார்கள். இதைவிடத் தெளிவான உதாரணம் நாம் தினமும் பார்த்த கடிகாரத் திரை, கணிப்பான் திரை. பாசல் நகரில் ஷாட்டும் ஹெல்ஃப்ரிக்கும் 1970-ல் உருவாக்கிய நீர்மப் படிகத் திரையில் மூலக்கூறுகள் மேல்கண்ணாடியிலிருந்து கீழ்க்கண்ணாடிக்கு வருவதற்குள் 90 பாகை திரும்புகின்றன. அந்த முறுக்கைத் தருவது மூலக்கூறுகள் இல்லை, ஒன்றுக்கொன்று குறுக்கே தேய்க்கப்பட்ட இரண்டு கண்ணாடிப் பரப்புகள். அங்கே வலம் திரும்புவதும் இடம் திரும்புவதும் சமச் செலவு என்பதால் திரையில் திட்டுத் திட்டாக இரண்டும் வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கைத்தன்மை உள்ள ஒரு பொருளைச் சிட்டிகையளவு கலப்பார்கள். எப்பக்கம் என்பதைச் சிட்டிகை முடிவு செய்கிறது, எவ்வளவு என்பதைக் கண்ணாடி. மின்னழுத்தம் கொடுத்ததும் முறுக்கு கலைகிறது, எடுத்ததும் மீள்கிறது. பிடி எல்லையில் இருப்பதால்தான் அது சாத்தியம்.

மூலக்கூறே இல்லாத இடத்திலும் இதே கதை. தேய்வே இல்லாத பாய்மத்தில் சுழல் வளையத்தை அறுக்க முடியாது என்பதை நம்பி, அணுக்களே ஈதரில் விழுந்த முடிச்சுகள் என்று 1867-ல் கெல்வின் கருதினார். கருத்து தோற்றது, முடிச்சுகளின் பட்டியல் மிஞ்சியது. சூரியனில் அந்தப் பாய்மத்துக்கு மிக நெருங்கிய ஒன்று உண்டு. மின்கடத்தும் வெப்பப் பிளாஸ்மாவில் காந்தக் கோடுகள் பொருளோடு ஒட்டிக்கொண்டு நகர்கின்றன. ஆகவே அடியில் திருகினால் மேலே முறுக்கு சேர்ந்துகொண்டே போகும். வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் இடமுறுக்கு, தெற்கில் வலமுறுக்கு. 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை காந்த முனைகள் இடம் மாறினாலும் இந்தப் போக்கு மாறுவதில்லை, ஏனெனில் திசையைத் தருவது சூரியனின் சுழற்சி. காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி ஒட்டும் நிகழ்வும் அங்கே உண்டு. டி.என்.ஏ. நொதியை நினைவூட்டும் ஒற்றுமை என்று பலர் எழுதுகிறார்கள், ஆனால் இங்கே கவனமாக இருக்க வேண்டும். நொதி அறுத்தால் கணக்கிலிருந்தே சுற்று குறைகிறது. பிளாஸ்மாவில் அறுந்து ஒட்டும்போது கோடுகள் ஒன்றையொன்று கோத்திருப்பது முறுக்காக மாறுகிறது, மொத்தத் தொகை ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. சேர்ந்த முறுக்கு தீர, சூரியன் அதைப் பொருளோடு சேர்த்து வெளியே வீச வேண்டியிருக்கிறது.

கடைசியாக, இந்த வாதத்துக்கு மிகவும் தொந்தரவு தரும் பொருள்: திருப்பி வைத்த கிராஃபீன். ஓரணுத் தடிமனுள்ள இரண்டு கார்பன் தாள்களை 1.1 பாகை திருப்பி அடுக்கினால், எலெக்ட்ரான்களின் வேகம் ஏறத்தாழ சுழியமாகிவிடும் என்று 2011-ல் பிஸ்ட்ரிட்சரும் மக்டொனால்டும் கணித்தார்கள். 2018-ல் எம்.ஐ.டி.யில் ஹரீயோ-ஹெரெரோ குழு அதைச் செய்து, 1.7 கெல்வினில் மின்தடையற்ற மீக்கடத்தலைக் கண்டது. இங்கே முறுகிய இழை இல்லை, சேமித்த விசை இல்லை, காக்கப்படும் எண்ணும் இல்லை. இரண்டு அறுகோணச் சல்லடைகள் சற்றே விலகி நிற்பதால் 13 நானோமீட்டர் அளவில் ஒரு பெரிய கோலம் விழுகிறது. ஒரு கட்டத்துக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள். நடப்பது அலைகளின் குறுக்கீடு. இதைக் கயிற்றோடும் கொடியோடும் ஒரே குடும்பத்தில் சேர்ப்பது பெயரளவு உறவு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இதன் கணிதத்தில் கலுகரேனுக்கு வேலையில்லை. ஆனாலும் பழைய கேள்வியை இங்கே கேட்டால் பயனுள்ள பதில் வருகிறது. எது பிடித்திருக்கிறது? மெல்லிய ஒட்டலும் உராய்வும் மட்டுமே. சூடாக்கினால் தாள்கள் திரும்பி, கிராஃபைட்டின் இயல்பான அடுக்குக்கே போகப் பார்க்கும். அந்த அடுக்குக்குப் பெயர் பெர்னால் அடுக்கு. 1924-ல் அதைக் கண்டவர், ராமச்சந்திரனிடம் கொலாஜனைப் பற்றிச் சொன்ன அதே பெர்னால்தான்.

பிடி தளர்வு என்பதால்தான் இந்தத் துறையில் ஒரு கூடத்தின் முடிவு இன்னொரு கூடத்தில் எளிதில் திரும்ப வருவதில்லை. விளைவுக்குத் தேவையான கோணத்தில் பிசகுவதற்கு உள்ள இடம் பாகையில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஒரே துண்டுக்குள்ளேயே கோணம் இடத்துக்கு இடம் மாறுவதை 2020-ல் காந்தப்புலப் படமெடுத்துக் காட்டினார்கள். 2023-ல் வைஸ்மன் நிறுவனத்தில் இலானி குழு, ஒரு தாளை நுனியில் தாங்கிக்கொண்டு மற்றதன்மேல் தொடர்ச்சியாகத் திருப்பக்கூடிய நுண்ணோக்கியைச் செய்தது. பிடியின் தளர்ச்சியையே கருவியாக்கிக்கொண்டது அது. மீக்கடத்தல் எப்படி வருகிறது என்ற சண்டை 2018-லிருந்து நடக்கிறது. கொள்கைகளுக்குப் பஞ்சமில்லை. எந்தக் கோணத்தில், எவ்வளவு ஒழுங்கோடு அளந்தோம் என்பதை ஒவ்வொரு துண்டுக்கும் சேர்த்துச் சொல்லாத வரை அந்தக் கொள்கைகளை ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்திப் பார்ப்பது வீண் வேலை.